ஒருநாட் சத்திரசிகிச்சையும் அதற்கான விதிகளும்

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு நான்காவதாக அவர் வைத்தெண்ணியது 'உழைச்செல்வான்' என்பவனை. நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையின்றி இயற்றுவோன் என இச்சொல்லுக்குப் பொருள் கொள்வர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய வைத்தியசாலைகளில் இக்கூற்றினைத் தாதியும் அவள் காவல் புரியும் விடுதியும் ஏற்றிருந்தமையால், அது தனியே எண்ணப்பட வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை. காலையிற் சத்திரசிகிச்சை செய்து மாலையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவியபோதுதான் அக்கேள்வி மீண்டும் எழுந்தது. அன்றிரவு நோயாளியின் அருகிருப்பவர் யார்? அவர் அதற்குத் தகுதியுடையவரா? இடையில் ஏதேனும் நேருமாயின் பொறுப்பு யாருடையது? ஒருநாட் சத்திரசிகிச்சை பற்றிய அரசாங்க விதிகளின் வரலாறு, இக்கேள்விகளை நெடுங்காலம் கேளாதிருந்து, பின்னர் சிறிது சிறிதாகக் கேட்கத் தொடங்கிய வரலாறேயாகும். அவ்வரலாறு பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலுமே தெளிவாகக் காணக்கிடக்கின்றது.

ஒருநாட் சத்திரசிகிச்சை என்பது, முன்கூட்டியே திட்டமிடப்பட்டு, நோயாளி வந்த நாளிலேயே வீடு திரும்பும் வகையிற் செய்யப்படுவது. ஓரிரவு மட்டும் தங்கிச் செல்வதாயின் அதனைக் குறுந்தங்கற் சிகிச்சை என்பர். கண்புரை நீக்கல் இதற்கு யாவரும் அறிந்த உதாரணம். ஒரு காலத்தில் கண்புரை நீக்கப்பட்டவர் தலையின் இருமருங்கும் மணற்பைகள் வைக்கப்பெற்று, அசையாது நாட்கணக்காகக் கிடந்தனர். இன்று அவர் கண்ணிற் காப்புக் கவசத்தோடு நண்பகலில் வீட்டு வாயிலில் வந்திறங்குகின்றார். இம்மாற்றத்துக்குக் காரணம் மருத்துவ அறிவின் வளர்ச்சி மட்டுமே எனப் பலரும் எண்ணுவர். அது பாதி உண்மை. மறுபாதி பணமும் சட்டமும் சார்ந்தது.

இவ்வழக்கத்தின் தொடக்கத்தை நாடுவோர் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் செல்லல் வேண்டும். அந்நகரின் சிறுவர் வைத்தியசாலையைச் சார்ந்த வெளிநோயாளர் மருந்தகத்திற் பணியாற்றியவர் ஜேம்ஸ் ஹென்டர்சன் நிக்கல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். பத்தாண்டுக் காலத்தில் அம்மருந்தகத்தில் நிகழ்ந்த 8,988 சத்திரசிகிச்சைகளைப் பற்றி 1909ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் கட்டுரை வரைந்தார். சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், கோணற்பாதம், காதுக்குப் பின்னுள்ள எலும்பிற் சீழ் கொள்ளல் ஆகிய நோய்கள் அவற்றுட் சில. அக்குழந்தைகள் ஒருவரும் விடுதியிற் கிடத்தப்படவில்லை. கட்டுக் கட்டியதும் தாயின் கையிற் கொடுக்கப்பட்டு வீடு சென்றனர்.

நிக்கலின் வாதம் எளியது. விடுதியிற் சேர்த்துச் செய்யப்படும் சிகிச்சைகளுட் பெரும்பகுதி வைத்தியசாலையின் பொருளை வீணாக்குவது; ஏனெனில், வெளிநோயாளராக வைத்துச் செய்தாலும் பெறும் பயன் அதுவேயாகும். தையலிட்ட குழந்தையை அசையாது கிடத்துதல் வைத்தியசாலைக் கட்டிலிலும் இயலாத செயல். தாயின் கையில் அது அமைதியாகவேனும் இருக்கும். விடுதியிலுள்ள குழந்தைகள் ஓயாது அழுது ஏனையோரின் உறக்கத்தைக் கெடுப்பர் என்பதையும், அவர்தம் கட்டில்களிலிருந்து எழும் மணம் எப்போதும் நன்மணமன்று என்பதையும் எடுத்துக்கூற அவர் தயங்கவில்லை. அறிவியற் கட்டுரையொன்றில் இத்தகைய குறிப்பைக் காண்பது அரிது. ஆயினும் விடுதியில் ஓரிரவு கழித்த எவரும் அதனை மறுக்கமாட்டார்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பின் நிக்கலைச் சிக்கனவாதி என்று ஒதுக்கிவிடலாம். அவர் செய்த மற்றொன்றே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகளை அவர் கைவிட்டாரல்லர். தாதியர் அவ்வீடுகளுக்குச் சென்று காயங்களைப் பார்வையிட்டுத் தாய்மாருக்கு வேண்டிய அறிவுரை கூறினர். வீட்டுச் சூழல் தகுந்ததாயிருத்தலும் குடும்ப வைத்தியரின் ஒத்துழைப்பும் இம்முறைக்கு இன்றியமையாதன என அவர் வற்புறுத்தினார். பால்குடிக்கும் சிசுக்களை அதிக தூரம் கொண்டுசெல்லல் கூடாதாகையால், மருந்தகத்தின் அண்மையிலே சிறிய வீடொன்றை ஏற்படுத்தி, தாயையும் சேயையும் அங்கே ஒருங்கே தங்கவைத்து, தாய்க்கு உணவளித்து, அவளையே குழந்தைக்குத் தாதியாக்கினார். நான்காம் கூற்றினை அவர் நீக்கிவிடவில்லை; விடுதியிலிருந்து எடுத்துத் தாயின் கையிற் கொடுத்து, அத்தாயையும் தாங்குவதற்கு வழி செய்தார். எழுதப்பட்ட சட்டம் எதுவும் அவரை அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை.

ஆயினும் அவர் காட்டிய வழியை அக்காலத்தவர் பின்பற்றினாரில்லை. 1921இல் நிக்கல் மறைந்தார். அவருடைய முறையும் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. குடலிறக்கச் சிகிச்சை பெற்ற ஒருவர் வாரக்கணக்காகக் கட்டிலிற் கிடத்தலே முறையென்று கருதப்பட்ட காலம் அது. சிக்காக்கோவைச் சேர்ந்த எமில் ரீஸ் என்பார் 1899ஆம் ஆண்டிலேயே நோயாளரை விரைவில் எழுந்து நடமாடச் செய்தல் நன்றெனக் கூறியிருந்தும் பெரும்பாலோர் அதனை நம்பவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கட்டில்கள் போதாமற் போனமையால் நோயாளர் விரைவில் எழுப்பப்பட்டனர். எழுப்பப்பட்டவர்க்குத் தீங்கு நேராமை கண்டு வைத்தியர்கள் வியந்தனர். நெடுங்காலம் கிடப்போரின் கால் நாளங்களிலே இரத்தம் உறைவதும், அவ்வுறைகட்டி நுரையீரலைச் சென்றடைத்து உயிரைக் கவர்வதும் வரவர நன்கு உணரப்பட்டன. கட்டிலிற் கிடத்தலால் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் விளையும் கேட்டினை வரிசைப்படுத்தி, 1947இல் இலண்டன் வைத்தியர் ரிச்சர்ட் ஆஷர் எழுதிய சிறு கட்டுரை மருத்துவ மாணவர்களால் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றது. ஓய்வளிப்பது என்று கருதப்பட்ட கட்டில் தானே ஒரு நோய்க்காரணம் என்பது நிலைபெற்றது.

1948ஆம் ஆண்டு யூலை 5ஆந் தேதி பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கத் தொடங்கவே, அதுகாறும் வறுமையால் நோயைப் பொறுத்திருந்தோரும் வைத்தியசாலைக்கு வந்தனர். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. இந்நெருக்கடியிலேதான் எடின்பரோ நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் எரிக் ஃபார்க்குவார்சன் குடலிறக்கமுற்ற வளர்ந்தோரை, உறுப்பை மட்டும் விறைக்கச் செய்யும் மருந்தூசியேற்றிச் சிகிச்சை செய்து, அன்றே எழுந்து நடந்து வீடு செல்லுமாறு விடுத்தார். இவ்வாறு தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட 458 சிகிச்சைகளின் விவரத்தை 1955இல் 'லான்செற்' சஞ்சிகை வெளியிட்டது. கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ நாற்பத்தைந்து மைல். அத்தூரத்தைக் கடக்க ஒரு கருத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதன் தொடக்கம் வேறு வகைத்து. அங்கு முன்வந்தோர் மயக்கமருந்து வைத்தியர்கள். 1916இல் அயோவா மாநிலத்தின் சூ சிற்றி நகரிலே றல்ஃப் வாட்டேர்ஸ் என்பவர், பல்வைத்தியரும் சிறு சிகிச்சை செய்வோரும் தத்தம் நோயாளரை அழைத்து வரக்கூடிய மயக்கமருந்து நிலையமொன்றை நடத்தினார். 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வைத்தியசாலையில் வெளிநோயாளர்க்கான சத்திரசிகிச்சைப் பிரிவு தோன்றியது. 1970இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வாலஸ் றீட், ஜோன் ஃபோர்ட் என்னும் இரு மயக்கமருந்து வைத்தியர்கள், எந்த வைத்தியசாலையையும் சாராது தனித்து நிற்கும் சத்திரசிகிச்சை நிலையத்தைத் திறந்தனர். கட்டில்கள் நிறைந்த விடுதிகள் இல்லாத ஒரு வைத்தியத் தலம்! அதனை வைத்தியசாலை என்பதா, வைத்தியரின் அறை என்பதா என்று சட்டமும் காப்புறுதிக் கழகங்களும் தடுமாறின.

இத்தடுமாற்றம் வெறும் பெயர்ச் சிக்கலன்று. அந்நாளிற் காப்புறுதி பெரும்பாலும் விடுதியிற் படுத்தவரின் செலவையே ஏற்றது. 1965இல் இயற்றப்பட்ட மெடிக்கெயர் என்னும் முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டமும் வைத்தியசாலைகளுக்கு அவை செலவிட்ட அளவைப் பார்த்தே பணம் கொடுத்தது. ஆகவே, ஒரு நாளிற் செய்யக்கூடிய சிகிச்சைக்கு நான்கு நாட்கள் விடுதியில் வைத்திருக்கும் வைத்தியசாலைக்கு நட்டம் இல்லை. நோயாளியும் வீட்டுக்குச் சென்றால் தானே செலவை ஏற்க நேருமாகையால் விடுதியையே விரும்பினார். சிகிச்சை நிகழும் இடத்தை மருத்துவத் தேவையினும் பார்க்கப் பணம் வழங்கும் விதியே பெரிதும் நிருணயித்தது எனின் மிகையாகாது.

எனவே அவ்விதி மாறியதும் சிகிச்சையின் இடமும் மாறிற்று. மெடிக்கெயர்ச் செலவு ஏறிக்கொண்டே செல்வதைக் கண்ட அமெரிக்கக் காங்கிரஸ், தனித்து நிற்கும் சத்திரசிகிச்சை நிலையங்களுக்கும் அத்திட்டத்திலிருந்து பணம் வழங்க 1980இல் இசைந்தது. 1982இல் நடைமுறைக்கு வந்த விதியிலே ஏறத்தாழ நூறு சிகிச்சைகள் பட்டியலிடப்பட்டு நான்கு விலைப் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. மறு வருடம் மற்றொரு பெருமாற்றம் நிகழ்ந்தது. விடுதியிற் சேர்ந்த நோயாளி எத்தனை நாள் தங்கினும் நோயின் வகைக்கேற்ப ஒரு நிலையான தொகையே கொடுக்கப்படும் என 1983இல் விதி செய்யப்பட்டது. முன்னர் ஒவ்வொரு நாளும் வரவாயிருந்த கட்டில் இப்போது ஒவ்வொரு நாளும் செலவாயிற்று. பத்தாண்டுகளாக அறிஞர் எடுத்துரைத்தும் நடவாத காரியம் சில வருடங்களில் நடந்தேறியது. மெடிக்கெயரின் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் 2010ஆம் ஆண்டளவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டன.

பிரித்தானியாவில் நிலையங்களின் உடைமையாளர் அரசாங்கமேயாகையால், அங்கு விலையினும் பார்க்க இலக்கத்தையே கருவியாகக் கொண்டனர். 1985இல் இங்கிலாந்துச் சத்திரசிகிச்சையாளர் அரச கழகம் இத்துறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. 1990இற் கணக்காய்வு ஆணைக்குழு, இருபது சிகிச்சைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் அவற்றுள் எத்தனை பங்கு ஒருநாளில் முடிக்கப்படுகின்றது என ஒப்புநோக்கி, பெரும் வேறுபாடு நிலவுவதை எடுத்துக்காட்டியது. ஒரே நோய், ஒரே நாடு, ஒரே சேவை. ஆயினும் ஓரூரில் மாலையில் வீடு, மற்றோரூரில் மூன்று நாள் விடுதி. நோயாளரின் உடல்கள் ஊருக்கு ஊர் அவ்வளவு வேறுபடா. வேறுபட்டது வைத்தியரின் பழக்கமே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சுகாதார சேவைத் திட்டம், திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து ஒருநாளில் முடிதல் வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2010இல் இங்கிலாந்தும் விலையென்னும் கருவியைக் கையிலெடுத்து, பித்தப்பை நீக்கலை ஒருநாளில் முடிக்கும் வைத்தியசாலைக்குக் கூடுதலான தொகை வழங்கத் தொடங்கியது.

இவற்றுக்கிடையே மருத்துவக் கலையும் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை மறத்தலாகாது. வயிற்றைப் பிளவாது சிறு துளைகள் வழியே பித்தப்பையை நீக்கும் முறை 1980களின் பிற்பகுதியிற் பரவிற்று. அதே காலத்தில் வந்த புரொப்போஃபொல் என்னும் மயக்க மருந்து, பழைய மருந்துகள் போல் நாள் முழுதும் தலைச்சுற்றையும் குமட்டலையும் தாராது, சில நிமிடங்களிலே தெளிவை அளித்தது. இம்மருந்து இன்றேல் ஒருநாட் சத்திரசிகிச்சை இன்றுள்ள அளவுக்குப் பெருகியிராது. இதன் பெயர் மீண்டும் வேறொரு தொடர்பில் வரும்.

பணவிதி நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் வேகத்தைக் கூட்டியது. அந்த வேகத்துக்கேற்பப் பாதுகாப்பு விதி விரைந்ததா? இல்லை என்பதே விடை. நிலையம் அங்கீகாரம் பெறும்போது ஒருமுறை பரிசோதிக்கப்படும்; அதன்பின் எப்போது என்பது மாநிலத்தின் வசதியைப் பொறுத்தது. மாநிலங்களாற் பரிசோதிக்கப்படும் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மறுபரிசோதனை காணாதிருந்தமையைச் சமஷ்டி அரசாங்கத்தின் கண்காணிப்பு அலுவலகமே 2002இல் வெளியிட்ட அறிக்கையிற் கூறியது. அறிக்கை வெளிவந்தது, பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரில் 'சி' வகை ஈரலழற்சி சிலரிடத்தே புதிதாகத் தோன்றியது. விசாரணை செய்தபோது அவர்கள் யாவரும் குடலின் உட்புறத்தைக் கருவி செலுத்திப் பார்வையிடும் ஒரு நிலையத்துக்குச் சென்றவர்கள் என்பது புலனாயிற்று. அந்நிலையம் சட்டப்படி ஒருநாட் சத்திரசிகிச்சை நிலையம் என்றே பதிவுபெற்றிருந்தது. நோய் பரவிய வழி மிக அற்பமானது. ஒருவருக்கு ஏற்றிய சிரிஞ்சுக்குப் புதிய ஊசி மாட்டி, அவருக்கே மேலும் மருந்து வேண்டுமென்று அதே குப்பியில் மீண்டும் இறக்கினர். ஊசி புதியதாயினும் சிரிஞ்சு பழையது. அதிலிருந்த கண்ணுக்குத் தெரியாத இரத்தம் குப்பிக்குட் சென்றது. குப்பியில் எஞ்சிய மருந்தை வீணாக்காது அடுத்த நோயாளிக்கு ஏற்றினர். அம்மருந்து முன்னர்க் கூறிய புரொப்போஃபொல். ஒருவருக்கே உரியதெனக் குறிக்கப்பட்ட குப்பியிற் சில துளிகளை மிச்சம் பிடித்த சிக்கனம் அது. முதலில் 40,000 பேருக்கும், ஆய்வு விரிந்தபின் மொத்தம் 60,000க்கு மேற்பட்டோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அறிவித்தல் அனுப்ப நேர்ந்தது.

ஓர் இடத்துக் குற்றமென்று இதனை ஒதுக்கலாமா என்பதை அறிய, அதே 2008இல் மேரிலாந்து, வட கரோலினா, ஒக்லஹோமா என்னும் மூன்று மாநிலங்களில் 68 நிலையங்கள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 46இல் தொற்றுத் தடுப்பில் ஒரு குறையேனும் காணப்பட்டது. ஒருவருக்குரிய குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தல் அக்குறைகளுள் ஒன்று. இம்முடிவு 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. விடுதியை நீக்கியபோது விடுதியோடு கூடிய வேறொன்றும் நீங்கிவிட்டது என்பதை இஃது உணர்த்தியது. பெரிய வைத்தியசாலையில் தொற்றுத் தடுப்புக்கெனத் தனித் தாதியர், குழுக்கள், ஒருவர் செய்வதை மற்றொருவர் காணும் நெருக்கம் எல்லாம் உண்டு. நான்கைந்து பேர் மட்டும் பணிபுரியும் நிலையத்தில் உடைமையாளரான வைத்தியரின் பழக்கமே விதி. 2009 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சமஷ்டி விதிகள், ஒவ்வொரு நிலையத்திலும் தொற்றுத் தடுப்புக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்படல் வேண்டும் என்று பணித்தன. பரிசோதகர்களும் காகிதங்களைப் பார்ப்பதோடு நில்லாது, ஒரு நோயாளியின் சிகிச்சையைத் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து காணத் தலைப்பட்டனர்.

நிலையங்களின் நிலை இதுவாயின், வைத்தியரின் சொந்த அறையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையின் நிலை கூறவேண்டியதில்லை. நெடுங்காலம் அதற்கு உரிமப்பத்திரமே வேண்டியிருக்கவில்லை. கலிபோர்னியா 1994இற் சட்டமியற்றி, ஆழ்ந்த மயக்கம் தரும் இடங்கள் அங்கீகாரம் பெறல் வேண்டும் என்றது. புளோரிடாவில் அழகு சிகிச்சை முதலியவற்றிற் பல மரணங்கள் நிகழ்ந்தமையால், 2000 ஆகஸ்டில் மருத்துவச் சபை வைத்தியர் அறைகளில் முழு மயக்கத்தோடு சத்திரசிகிச்சை செய்வதை மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. அம்மாநிலத்து அறிக்கைகளை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, அறைகளில் மரணவீதம் நிலையங்களிலும் பார்க்க ஏறத்தாழப் பத்து மடங்கு எனக் கணித்தது. அக்கணிப்பின் முறையைக் குறை கூறியோரும் உளர். அறைகளில் மொத்தம் எத்தனை சிகிச்சைகள் நடந்தன என்பதை யாரும் எண்ணி வைத்திராமையால் வகுக்கும் எண் உறுதியற்றது என்பது அவர் வாதம். எண்ணி வைக்காமையே பெருங்குற்றம் என்பதை இருதரப்பாரும் ஒப்புவர்.

இனி, சட்டம் இரவை எண்ணும் விதத்தை நோக்குவோம். நிலையமொன்றில் நோயாளி எவ்வளவு நேரம் தங்கலாம்? 2009இல் நடைமுறைக்கு வந்த விதிகள், இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேற்படாது முடியுமென எதிர்பார்க்கப்படும் சிகிச்சையே அங்கு செய்யத்தக்கது என்று வரையறுத்தன. வைத்தியசாலையிலோ கணக்கு வேறு. 2013 ஒக்டோபர் முதல், இரண்டு நள்ளிரவுகளைக் கடந்து தங்க நேருமென வைத்தியர் கருதும் நோயாளியே பொதுவாக விடுதி நோயாளி எனக் கொள்ளப்படுவார். அதற்குக் குறைந்தவர், விடுதிக் கட்டிலிற் படுத்து, விடுதிச் சோறுண்டு, விடுதித் தாதியின் காவலில் இருந்தாலும், ஏட்டில் வெளிநோயாளரே. அவதானிப்பின் பொருட்டு வைக்கப்பட்டவர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். இது குமாஸ்தாக்களின் வேடிக்கையன்று. மூன்று நாட்கள் விடுதி நோயாளியாகப் பதியப்பட்டிருந்தாலன்றிப் பின்னர்ப் பராமரிப்பு இல்லத்திற் சேர்வதற்கான செலவை மெடிக்கெயர் ஏற்பதில்லை. மூன்று நாட் கட்டிலிற் கிடந்த முதியவர் ஒருவர், தாம் ஒருநாளும் 'சேர்க்கப்படவில்லை' என்பதைப் பெருந்தொகைக்கான விலைச்சிட்டை வந்தபோதே அறிந்த நிகழ்ச்சிகள் உண்டு. இருபத்துநான்கு மணிக்கு மேல் இவ்வாறு வைக்கப்படுவோருக்கு அதனை எழுத்தில் அறிவித்தல் வேண்டுமென 2015இற் சட்டம் செய்யப்பட்டது. அறிவித்தலுக்குத்தான் சட்டம், செலவுக்கன்று.

எச்சிகிச்சையை விடுதியில் மட்டுமே செய்யலாம் என்று ஒரு பட்டியலும் 2000ஆம் ஆண்டு முதல் உண்டு. முழங்கால் மூட்டினை மாற்றுஞ் சிகிச்சை 2018இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2020இல் இடுப்பு மூட்டும் நீங்கியது. 2021இல் அப்பட்டியலையே மூன்றாண்டுகளில் ஒழித்துவிடத் தீர்மானித்து, முதற்படியாக ஏறத்தாழ முந்நூறு சிகிச்சைகளை நீக்கினர். மறு வருடமே, நோயாளரின் பாதுகாப்புப் போதிய அளவு ஆராயப்படவில்லை என்று கூறி அவற்றுட் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்த்தனர். மனித முழங்கால் ஓராண்டில் அவ்வளவு மாறிவிடாது. பட்டியலொன்றாற் பாதுகாப்பை வரையறுத்தல் எத்துணை அரிது என்பதையே இவ்விழுபறி காட்டுகின்றது. எழுபது வயதிலும் திடகாத்திரமுள்ளவர், மாடிப்படி இல்லாத வீட்டில் மக்கள் சூழ வாழ்பவராயின், மாலையில் வீடு செல்லலாம். ஐம்பது வயதினராயினும் நீரிழிவுடையவர், மூன்றாம் மாடியில் தனித்து வாழ்பவராயின், அவருக்கு அதே சிகிச்சை வேறொன்றாகும். பட்டியல் முழங்காலைக் காணும்; வீட்டைக் காணாது.

நோயாளியின் வீட்டையும் இரவையும் பற்றிச் சமஷ்டி விதிகள் கூறுவன சொற்பமே. வெளியேறும் நோயாளி பொறுப்புள்ள வளர்ந்தவர் ஒருவரின் துணையோடு செல்லல் வேண்டும். வைத்தியர் விலக்களித்தோர்க்கு இது வேண்டியதில்லை. வீட்டிற் செய்யவேண்டியன எழுத்திற் கொடுக்கப்படல் வேண்டும். வள்ளுவரின் நான்காம் கூறு சட்டத்தில் இடம்பெறுவது இவ்வரிகளிலேதான். அத்துணைவர் வாயிலில் நோயாளியை இறக்கிவிட்டுச் செல்லலாமா, இரவெல்லாம் உடனிருத்தல் வேண்டுமா என்பதை அவ்விதி கூறவில்லை. மற்றொரு காவலும் இருந்தது. அவசரம் நேரின் நோயாளியை ஏற்பதற்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையோடு எழுத்து ஒப்பந்தம் செய்தல், அன்றேல் அங்கு நோயாளரைச் சேர்க்கும் உரிமை தம் வைத்தியர்க்கு இருத்தல் வேண்டும் என்பது அது. போட்டியாளரான நிலையங்களோடு ஒப்பந்தம் செய்யச் சில வைத்தியசாலைகள் மறுத்தன. அவசர நோயாளரை எவ்வைத்தியசாலையும் ஏற்றேயாக வேண்டுமென வேறு சட்டம் இருக்கின்றது என்றும் காரணம் காட்டப்பட்டது. ஆகவே 2019இல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. தாம் செய்யும் சிகிச்சைகளைப் பற்றி வைத்தியசாலைக்கு அவ்வப்போது எழுத்தில் அறிவித்தல் மட்டும் எஞ்சியது. சட்ட நோக்கில் இம்மாற்றம் பொருத்தமுடையதாகலாம். ஆனால் நள்ளிரவில் இரத்தம் பெருகும் நோயாளியை அவரது சிகிச்சையின் விவரம் அறியாத ஒருவர் ஏற்பதற்கும், அறிந்த ஒருவர் ஏற்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வாதத்தில் இடம்பெறவில்லை.

பிரித்தானியாவிலே தனித்து நிற்கும் நிலையங்களிலும் பார்க்க வைத்தியசாலைக்குள் அமைந்த ஒருநாட் பிரிவுகளே மிகுதியாகையால், இவ்விடைவெளி அத்துணைப் பெரிதன்று. அங்கே நோயாளியைத் தெரிவு செய்யும்போதே தொலைபேசி உண்டா, வைத்தியசாலை எவ்வளவு தூரம், இருபத்துநான்கு மணி நேரம் உடனிருப்பார் உண்டா என்று வினவுவது வழக்கமாயிற்று. பெரும்பாலும் முன்கூட்டிய மதிப்பீட்டில் ஒரு தாதியே இவற்றை வினவுவார். மறுநாட் காலையில் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதும் பல பிரிவுகளில் ஒழுங்காயுள்ளது. நிக்கலின் தாதியர் கிளாஸ்கோத் தெருக்களில் வீடு வீடாகச் சென்றதன் எஞ்சிய வடிவம் இத்தொலைபேசி அழைப்பு.

ஆயினும் உடனிருப்பார் இல்லாதவர் நிலை யாது? வாழ்க்கைத் துணையை இழந்தோர், மக்கள் தூரதேசம் சென்றோர், ஒரு நாள் வேலையை விடின் ஊதியம் இழக்கும் அயலவரை மட்டுமே நம்பியிருப்போர் இருநாட்டிலும் பெருகி வருகின்றனர். துணைவர் இன்மையால் அன்று காலையிற் சிகிச்சை தள்ளிவைக்கப்படுவது அபூர்வமன்று. வாடகை வண்டிக்காரரைத் தம் உறவினர் என்று கூறிச் செல்வோரும் உளர். இவர்களை எண்ணியே போலும், பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர் சங்கமும் ஒருநாட் சத்திரசிகிச்சைச் சங்கமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, குறுகிய நேரச் சிகிச்சை பெற்று நன்கு தெளிந்தவர்க்கு இருபத்துநான்கு மணித் துணை எப்போதும் இன்றியமையாததன்று என்று சிறிது தளர்த்திக் கூறியது. அத்தளர்வு யாருக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே தீர்மானிக்கின்றது. பொருந்தாதவரெனக் காணப்படும் தனியருக்கு ஓரிரவுக் கட்டில் கொடுக்கப்படுகின்றது. கட்டில் ஒழிவில்லாத நாளில் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலுக்குத் திரும்புகின்றது.